மாமனார் பெட்டியும் பேரில்லாத சாமானும்

என் மாமனாருடைய பழைய பாட்டுப் பெட்டி, அந்த வால்வு ஆம்ப்ளிபையர், இந்த ஜன்மத்தில் இனிமேல் பாடக்கூடாது என்று நான் முடிவு கட்டினேன். அதே நாளில், அதை என் கையாலேயே ரிப்பேர் செய்து தருவதாக வாக்கும் கொடுத்தேன். இரண்டும் எப்படிச் சேரும் என்று கேட்பீர்கள். சேர்த்துவிட்டேன். அங்கேதான் என் மூளை இருக்கிறது. என் மனைவி வேலைக்குப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் உங்களிடம் மட்டும் சொல்லிவிடுகிறேன். சத்தம் போட்டுச் சிரித்துவிடாதீர்கள், பக்கத்து வீட்டுக்கு நீளமான காது.

முதலில் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை, அப்புறம் ஒரு சின்ன ரூம். ஹால் டி.வி.க்குச் சொந்தம். படுக்கையறை பீரோவுக்குச் சொந்தம். சமையலறைப் பக்கம் நான் எட்டிப் பார்த்தாலே "என்ன வேணும்?" என்று வாசலிலேயே கேள்வி வரும். அந்தச் சின்ன ரூம் மட்டும்தான் எனக்கென்று இருப்பது. ஒரு ஜன்னல், ஒரு ஃபேன், ஒரு பிரம்பு நாற்காலி. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன் என்றால், சாயங்காலம் வரைக்கும் நான் யாருக்கும் கணவன் கிடையாது. உள்ளே என்னதான் செய்வீர்கள் என்று என் மனைவி பல தடவை கேட்டிருக்கிறாள். ஒன்றுமே செய்ய மாட்டேன். ஒன்றுமே செய்யாமல் இருக்க ஒரு ரூம் தேவைப்படுகிறது என்று அவளுக்கு எப்படிச் சொல்லிப் புரிய வைப்பது?

அந்த ரூமுக்குத்தான் ஆபத்து வந்தது.

மாமனார் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுசு முழுக்கக் கடைசிப் பெட்டியில் நின்று விசில் ஊதி, கொடி காட்டி, எல்லோரும் ஏறிவிட்டார்களா என்று பார்த்தவர். ரயில்தான் போய்விட்டது, கார்டு அப்படியே இருக்கிறார். போன வருஷம் எங்களோடு வந்து தங்கியபோது பாத்ரூம் வாசலில் கடிகாரத்தோடு நிற்பார். "மாப்பிள்ளை, லேட்டாகுது" என்பார். காதுக்குப் பின்னால் சோப்பு நுரையோடு ஆபீஸ் போன ஆள் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். என்னைப் படுக்க வைப்பதும் அவர்தான், எழுப்பி விடுவதும் அவர்தான். மனிதர் தங்கமானவர். அவரைப் பற்றி நான் ஒரு குறை சொன்னதில்லை. மனசுக்குள் நினைப்பதற்குக்கூடப் பயம், கண்டுபிடித்துவிடுவாரோ என்று.

மாமியார் போனதிலிருந்து அவர் தனியாக இருக்கிறார். இங்கேயே வந்துவிடுங்கள் என்று என் மனைவி கெஞ்சாத நாளில்லை. அவர் பிடிகொடுக்கவில்லை.

"மக கூப்பிடுவா. அது பெரிசில்ல. மாப்பிள்ளை கூப்பிடணும்" என்றார்.

மனைவி போனை என் காதில் வைத்து அழுத்தினாள். "வாங்க மாமா" என்றேன். அந்தப் பக்கம் இருந்தது கார்டு காது. சக்கரம் உருளும் சத்தத்தை வைத்தே பெட்டியில் என்ன கோளாறு என்று சொல்லக்கூடிய காது அது. என் "வாங்க"வில் எங்கே விரிசல் என்று அவருக்குத் தெரியாமல் போகுமா?

"மாப்பிள்ளை, ஒண்ணு செய்வோம். என் ஆம்ப்ளிபையர் உங்க வீட்டுப் பரண்ல கிடக்கு. உங்க கையால நீங்க அதைப் பாட வச்சா, நான் வர்றதுல உங்களுக்கும் சந்தோஷம்னு எடுத்துக்கறேன். வந்து அந்தச் சின்ன ரூம்ல பெட்டியை வச்சுக்கிட்டு ஒரு ஓரமா இருந்துக்கறேன். பாடலைன்னா விட்டுடுங்க. நான் இங்கேயே இருந்துட்டுப் போறேன். உங்க மேல வருத்தம் ஒண்ணும் இல்ல."

சின்ன ரூம். என் தாழ்ப்பாள், என் பிரம்பு நாற்காலி.

"என்னங்க, பண்றீங்களா?" என்றாள் மனைவி.

இந்த இடத்தில்தான் நீங்கள் என்னைக் கவனிக்க வேண்டும். முடியாது என்று சொன்னால் அவள் மூஞ்சி ஆயுசுக்கும் திரும்பாது. செய்து முடித்தால் ரூம் போச்சு. ஆகவே முயற்சி செய்ய வேண்டும், உருகி உருகி முயற்சி செய்ய வேண்டும், கடைசியில் தோற்க வேண்டும். "பாவம், என்னென்னவோ பண்ணிப் பார்த்தார், பெட்டிதான் பிழைக்கல" என்று பேர் கிடைக்கும். ரூமும் கிடைக்கும்.

"கண்டிப்பா பண்றேன்" என்றேன்.

அவள் என்னை ஒரு தினுசாகப் பார்த்தாள். அவள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். டாக்டர்கள் கிறுக்குவதையே படித்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவளுக்கு என் முகம் என்ன பெரிய கஷ்டம். நான் உடனே பரணைப் பார்த்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் பெட்டியைச் சின்ன ரூம் மேஜையில் கவிழ்த்து வைத்தேன். கனம் என்றால் அப்படி ஒரு கனம். மேலே பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. வரிசையாகக் கண்ணாடி வால்வுகள், பளபளவென்று டிரான்ஸ்பார்மர்கள். அடித்தட்டைத் திறந்தேன். ஒயர் மேல் ஒயர். கோடு போட்டது, கோடு அழிந்தது, வெள்ளி டப்பா, பழுப்பு உருளை, பேர் தெரியாத பொட்டு பொடிசுகள். எதுவும் எதுவென்று சொல்லவில்லை.

நான் விபத்துக் காப்பீட்டு ஆபீஸில் வேலை பார்ப்பவன். யார் எதைத் தொட்டு எப்படிப் போனார்கள் என்று படிப்பதுதான் எனக்குச் சம்பளம். இஸ்திரிப் பெட்டியைத் தொட்டவர், மோட்டாரைத் தொட்டவர், ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டவர் எல்லோரும் வரிசையாகக் கண் முன்னால் வந்து நின்றார்கள். கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் விட்டார்கள்.

மாமனார் போனில் ஸ்பீக்கரில் இருந்தார். மனைவி பக்கத்தில் இருந்தாள்.

"மாப்பிள்ளை, பிளக்கைப் பிடுங்கிட்டீங்களா?"

"பிடுங்கிட்டேன் மாமா. ஒயரைச் சுருட்டி மடியிலேயே வச்சிருக்கேன்."

"பிடுங்கிட்டா மட்டும் போதாது. வெள்ளி டப்பா தெரியுதா? அதுக்குப் பேரு கண்டென்சர். பிளக் இல்லாட்டியும் அதுக்குள்ள நானூறு வோல்ட் உட்கார்ந்திருக்கும்."

நான் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தேன். "இது பரண்ல வருஷக்கணக்கா கிடந்ததே மாமா. இன்னுமா உட்கார்ந்திருக்கும்?"

"நேத்து உங்க பொண்டாட்டி போட்டுப் பார்த்தாளே. வால்வெல்லாம் எரியுது, சத்தம் மட்டும் வரலைன்னு சொன்னாளே."

நான் அவளைப் பார்த்தேன். "நீயா?"

"சும்மா போட்டுப் பார்த்தேன். அப்புறம் அப்பா சொன்ன மாதிரி அந்தக் கரண்டை இறக்கியும் விட்டுட்டேன். பயப்படாதீங்க" என்றாள். ஏதோ துணியை மாடியிலிருந்து எடுத்து வந்துவிட்டேன் என்பது போலச் சொன்னாள்.

"இருந்தாலும் ஜாக்கிரதை" என்றார் மாமனார். "உள்ள கை வைக்கும்போது ஒரு கைதான் வேலை செய்யணும். இன்னொரு கை முதுகுக்குப் பின்னால இருக்கணும். இதுதான் வால்வு வேலைக்கு முறை. ரெண்டு கையும் வச்சா கரண்டு இந்தக் கையில ஏறி, நெஞ்சு வழியா அந்தக் கையில இறங்கும்."

"ஒரு கைன்னா?"

"கையோட போயிடும்."

எது போய்விடும் என்று நான் கேட்கவில்லை.

"அப்புறம் மாப்பிள்ளை, அங்க கறுப்பா ஒண்ணு..." என்று அவர் ஆரம்பித்தார்.

"அதை நான் சொல்லிக்கறேன்ப்பா. நீங்க போய்ப் படுங்க" என்று மனைவி போனை எடுத்து வைத்துவிட்டாள். பிறகு குனிந்து, விரலை நீட்டிக் காட்டினாள். மூலையில், சின்ன டிரான்ஸ்பார்மர் பக்கத்தில், மெழுகு பூசின மாதிரி ஒரு கறுப்பு உருளை. கட்டைவிரல் தண்டி. எழுத்து கிடையாது, கோடு கிடையாது.

"இந்தாங்க, எதை வேணா நோண்டுங்க. இந்தச் சாமானை மட்டும் தொட்டுடாதீங்க. இதுதான் இந்தப் பெட்டிக்கு உயிரே. இது போச்சுன்னா அப்புறம் இந்தப் பெட்டியை யாராலயும் பாட வைக்க முடியாது. இந்த மாதிரி இன்னொண்ணு எங்க தேடினாலும் கிடைக்காது."

"இதுக்கு என்ன பேரு?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. தொடாதீங்க, அவ்வளவுதான்."

சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பிப் போய்விட்டாள். எனக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. எதைக் கெடுப்பது, எப்படிக் கெடுப்பது என்று ராத்திரியெல்லாம் புரண்டுகொண்டிருந்தேன். அவளே வந்து விரலை வைத்துக் காட்டிவிட்டுப் போகிறாள். அவளுடைய வெகுளித்தனத்தை நினைத்துக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

பாவம் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டேன். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டேன். அதற்கு மேல் இன்னொன்று. மரப் பலகை ஒன்றைப் போட்டு அதன் மேல் ஏறி நின்றேன். இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டினேன். வலது கையில் கட்டிங் பிளேயர். கை உதறிய உதறலில் பிளேயர் தானாகவே வாயைத் திறந்து திறந்து மூடியது.  வெள்ளி டப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்த மாதிரி ஒரு பிரமை. இறக்கிவிட்டேன் என்கிறாளே, முழுசாக இறக்கினாளா, எனக்கென்று கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கிறாளா? கல்யாணமான நாளிலிருந்து நடந்த சண்டைகளை எல்லாம் ஒரு தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். வைத்திருக்கக் காரணம் நிறைய இருந்தது.

கண்ணை மூடிக்கொண்டு கறுப்புச் சாமானின் ஒரு கம்பிக் காலை வெட்டினேன். டிக். உயிரோடு இருந்தேன். இன்னொரு காலை வெட்டினேன். டிக். அதற்கும் இருந்தேன். வெட்டினது தெரியக்கூடாது என்று மிச்சமிருந்த கம்பி நுனிகளையும் ஒட்ட நறுக்கிவிட்டேன். கறுப்புச் சாமானை எடுத்து முகர்ந்து பார்த்தேன். பழைய பீரோ வாசனை அடித்தது.

அப்போது பின்னால் கதவு திறந்தது.

"கடைச் சாவியை மறந்துட்டுப் போயிட்டேன்" என்றாள் மனைவி. "என்ன, இப்படி நிக்கறீங்க?"

சாமான் இருந்த கை எப்படி முதுகுக்குப் பின்னால் போனது என்று எனக்கே தெரியாது. இப்போது இரண்டு கையும் பின்னால் இருந்தன.

"உங்கப்பா சொன்னாரே, ஒரு கை பின்னால இருக்கணும்னு."

"ரெண்டு கையும் பின்னால இருக்கே."

"அது... ரெட்டைப் பாதுகாப்பு."

"ரெண்டு கையும் பின்னால இருந்தா வேலையை எது செய்யுது?"

"இப்ப யோசனை பண்ணிட்டிருக்கேன். யோசனைக்குக் கை வேணாம்."

 அவள் மேஜைப் பக்கம் ஓரடி எடுத்து வைத்தாள். கதை கந்தல் என்று நினைத்தேன். ஆனால் பெட்டிக்குள் எட்டிப் பார்க்காமலேயே சாவியை எடுத்துக்கொண்டாள்.

"கறுப்பைத் தொடலையே?"

"சேச்சே."

"அதான பார்த்தேன். நீங்க தொட மாட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் அப்படியே பலகை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் அவளிடம் உதட்டைப் பிதுக்கினேன். என்னென்னவோ செய்து பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை என்றேன். "பரவாயில்லீங்க, நாளைக்கு அப்பா வந்து பார்த்துட்டுத் தன் வாயால சொல்லட்டும்" என்றாள். அவ்வளவு லேசாக முடிந்தது.

முடிந்தது என்று நினைத்தேனே தவிர, எனக்குத் தூக்கம் வரவில்லை. கறுப்புச் சாமான் என் பேண்ட் பாக்கெட்டில் இருந்தது. அது என்ன சாமான்? அதற்குள்ளும் எத்தனை வோல்ட் உட்கார்ந்திருக்கிறது? நான் நானூறு வோல்ட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டா வீட்டுக்குள் நடமாடுகிறேன்? போதாக்குறைக்கு அதிலிருந்து பழுப்பாக ஏதோ பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. விஷமா, எண்ணெயா? எறிந்துவிடலாம் என்றால் குப்பைக் கூடையை அவள் ஒரு தடவை கிளறிப் பார்க்காமல் வெளியே அனுப்ப மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வந்து, "அந்தப் பேண்டைக் கழட்டிக் குடுங்க, துவைக்கப் போடணும்" என்றபோது உயிரே போய்விட்டது.

"இதோ வந்துடறேன்" என்று போட்ட பேண்டோடு வெளியே ஓடினேன்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு நாங்கள் வைத்த பேர் மீட்டர். லிப்ட் கம்பெனியில் வேலை. எந்த நேரமும் கையில் மல்டிமீட்டர் இருக்கும். நம் வீட்டுக்கு வந்தால் ரிமோட்டின் பேட்டரியை அளந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருவார், கேட்காமலேயே முடிவையும் சொல்லுவார். அவரிடம் போகக் கூடாதுதான். வேறு யாரிடம் போவேன்?

"ஒரு நண்பர் வீட்ல கிடைச்சது சார். இது என்னன்னு தெரியணும். தொட்டா ஆபத்தா?"

மீட்டர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் மெழுகைச் சுரண்டினார். "நம்பர் அழிஞ்சு போச்சு. ஆனா ரெண்டு பக்கமும் கால், உள்ள காகிதச் சுருள், மேல மெழுகு. பழைய காலத்துப் பேப்பர் கண்டென்சர். இத்தனூண்டு சாமான் உங்களை ஒண்ணும் பண்ணாது. பாக்கெட்லயே வச்சுக்கலாம்."

பாதி உயிர் திரும்பி வந்தது.

அவர் மல்டிமீட்டரின் இரண்டு கம்பிகளையும் சாமானின் இரண்டு மொட்டைக் கால்களில் வைத்தார். கருவி 'பீப்' என்று கத்தியது.

"ஏன் சார் கத்துது?"

"நல்ல கண்டென்சர்னா கத்தக்கூடாது. இது உள்ளுக்குள்ள ஒட்டிக்கிச்சு. இப்ப இது கண்டென்சர் இல்ல, வெறும் கம்பித் துண்டு. செத்து ரொம்ப நாளாச்சு. ஆமா, இது பெட்டியில எங்க இருந்தது?"

"ஸ்பீக்கருக்கு ஒயர் போகுதே, அந்தச் சின்ன டிரான்ஸ்பார்மர். அதோட ரெண்டு கம்பிக்கும் குறுக்கால, பாலம் போட்ட மாதிரி."

"வால்வெல்லாம் எரியும், சத்தம் மட்டும் வராது. சரியா?"

"ஆமா சார். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"வேற எப்படி வரும்? பாட்டு ஸ்பீக்கருக்குப் போற வழியில இது குறுக்க படுத்துக்கிட்டு, மொத்தத்தையும் குறுக்கு வழியில திருப்பி விட்டிருக்கு. யாரோ சரியான ஆள் பார்த்து இதை மட்டும் வெட்டி எடுத்திருக்கார். யாருன்னு சொல்லுங்க, நான் கை குடுக்கணும். அந்தப் பெட்டி இப்ப ஜம்முனு பாடும்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இது இல்லாம பாடாது, உயிரே இதுதான்னு சொன்னாங்களே சார்."

"யாரு சொன்னது?"

"வீட்ல."

"நண்பர் வீட்லயா?"

"ஆமா... நண்பர் வீட்ல."

"தெரியாதவங்க சொல்லியிருப்பாங்க. இது சத்தத்தைக் கொஞ்சம் மென்மையாக்கறதுக்குப் போடறது. இல்லாட்டியும் பாடும்."

"இதைத் திரும்ப அங்கேயே சேர்த்துட முடியுமா?"

மீட்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "செத்த சாமானைத் திரும்ப எதுக்கு சார் சேர்க்கணும்?"

"ஒரு மரியாதைக்குத்தான்."

"காலையெல்லாம் இப்படி ஒட்ட வெட்டியிருக்கே, சால்டர் வச்சு ஒட்டக்கூட இடமில்லையே. எந்த மடையன் வெட்டினான்?"

சற்று முன்புதான் அவனுக்குக் கை கொடுக்க வேண்டும் என்றார். நான் சாமானைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். மாமனார் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வருவார். அதற்குள் வேறு எதையாவது வெட்டிவிடலாம். கைக்கு அகப்பட்ட எதையாவது. ஒரு கை என்ன, இரண்டு கையாலும் வெட்டலாம். கரண்டு நெஞ்சு வழியாகத்தான் போகட்டுமே என்று அந்த நிமிஷத்தில் எனக்குத் தோன்றியது. அவ்வளவு பயம்.

வாசலில் பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ ஜோடியாக நின்றது. ஆயுசில் ஒரு தடவைகூட லேட்டாக வராத மனிதர், அன்றைக்கு ரொம்ப சீக்கிரமாக வந்துவிட்டார்.

ஹாலில் டி.வி.யை ஓரம் கட்டிவிட்டு அந்த இடத்தில் பெட்டி உட்கார்ந்திருந்தது. நிமிர்த்தி, துடைத்து, அடித்தட்டை மூடி, திருகாணி முடுக்கி வைத்திருந்தாள். பக்கத்தில் இசைத்தட்டுப் பெட்டி, ஸ்பீக்கர். மாமனார் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை, பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்பிள்ளை. உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்."

"மாமா, அதுல இன்னும் வேலை பாக்கி. ஒரு சாமான் போட வேண்டியிருக்கு."

"ஒண்ணும் போட வேணாம். எப்படியும் பாடப் போறதில்லன்னு நீங்கதான சொன்னீங்க? ஒரு தடவை போட்டுக் காட்டிட்டா அப்பாவுக்கும் மனசு ஆறிடும்" என்றாள் மனைவி.

மெயின் சுவிட்ச் பக்கம் நைசாக நகர்ந்தேன்.

"எங்க போறீங்க?"

"தண்ணி குடிக்க."

"தண்ணி இந்தப் பக்கம். உட்காருங்க."

உட்கார்ந்தேன். அவள் சுவிட்சைப் போட்டாள். வால்வுகளுக்குள் சிவப்பாக ஒரு கம்பி மெல்ல மெல்லச் சூடேறியது. சத்தம் இல்லை. மாமனார் தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டார். நான் பெட்டியிடம் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். பாடாதே, பாடாதே, உனக்குப் புண்ணியமாகப் போகும். இன்னும் சத்தம் இல்லை. மீட்டருக்கு என்ன தெரியும், அவர் லிப்ட் பார்க்கிற ஆள். ரூம் தப்பித்தது என்று மூச்சு விட்டேன்.

அப்போது ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் எழுந்தது.  மனைவி முள்ளை இசைத்தட்டில் வைத்தாள். கரகரவென்று ஒரு சத்தம், அதன் பின்னால் ஒரு பெண்குரல். யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு பாடுகிற மாதிரி அவ்வளவு தெளிவாக, ஹால் முழுக்க நிறைந்து, ஜன்னல் வழியாகத் தெருவுக்கும் போனது. சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு சுகம் அந்தச் சத்தத்தில் இருந்தது. அதைக் கேட்கத்தான் எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

மாமனார் எழுந்து வந்தார். நான் தானாக எழுந்து நின்றேன். என் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

"நீங்க வாய் வார்த்தைக்குக் கூப்பிடறீங்கன்னு நினைச்சிட்டேன் மாப்பிள்ளை. பயந்துக்கிட்டே உள்ள கை வச்சு வேலை பார்த்திருக்கீங்க. அவ சொன்னா, பலகை போட்டு நின்னீங்களாமே. அந்த வீட்ல ராத்திரி பேச ஒரு ஆள் கிடையாது. இனிமே இங்க வந்துடறேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. இந்த மனிதரைத் துரத்தவா இவ்வளவு பாடுபட்டேன் என்று ஒரு நிமிஷம் மனசு பிசைந்தது. "வாங்க மாமா" என்றேன். இந்தத் தடவை அதில் விரிசல் இல்லை என்று நினைக்கிறேன். அவர் உடனே மணி பார்த்தார். "சாப்பாட்டுக்கு லேட்டாகுது" என்றார். விரிசல் திரும்பவும் விழுந்துவிட்டது.

சாப்பாடு முடிந்தது. சாமான் செட்டைக் கட்டிக்கொண்டு அடுத்த வாரமே வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டு அவர் கிளம்பிப் போனார். நான் சமையலறை வாசலில் போய் நின்றேன். முதல் தடவையாக 'என்ன வேணும்' என்று கேள்வி வரவில்லை.

"அந்தக் கறுப்புச் சாமான் பாக்கெட்லயே இருக்கா? மீட்டர் சார் வீட்லயே விட்டுட்டீங்களா?" என்றாள்.

நான் பாக்கெட்டைப் பொத்திக்கொண்டேன்.

"அது செத்துப் போனதுன்னு உனக்குத் தெரியுமா?"

"அப்பாவே சொன்னார். கறுப்பா ஒண்ணு இருக்கும், அதான் போயிருக்கும், மாப்பிள்ளைகிட்ட சொல்லி வெட்டி எடுக்கச் சொல்லுன்னார். நான் உங்ககிட்ட கொஞ்சம் மாத்திச் சொன்னேன். அது அவருக்குத் தெரியாது."

"வெட்டுங்கன்னே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா வெட்டியிருப்பீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். வெட்டியிருக்க மாட்டேன். அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வெட்டியிருப்பேன்.

"நீயே வெட்டியிருக்கலாம். கரண்டையே இறக்கத் தெரிஞ்சிருக்கே உனக்கு."

"நான் வெட்டினா அப்பா வர மாட்டாரே. உங்க கையாலன்னுதான அவர் சொன்னார்? அதுவுமில்லாம இனிமே 'உங்கப்பா ஏன் வந்தார்'னு நீங்க ஒரு நாளும் என்னைக் கேட்க முடியாது பாருங்க. ரிப்பேர் பண்ணிக் கூட்டிட்டு வந்தது நீங்கதான்."

"நான் கெடுக்கப் பார்க்கறேன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"பண்றீங்களான்னு கேட்டதும் மறுபேச்சு இல்லாம கண்டிப்பா பண்றேன்னீங்களே. அப்பவே." அவள் தட்டுகளை அடுக்கினாள். "உங்ககிட்ட எதையும் செய்யுங்கன்னு சொன்னா நடக்காதுங்க. மாடித் தொட்டி கழுவினது, பாத்ரூம் குழாய் மாத்தினது, சைக்கிள் மிதிச்சுத் தொப்பையைக் குறைச்சது, எல்லாமே நான் வேணாம்னு சொல்லித்தான் நடந்திருக்கு."

ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் என் சொந்த வீரம் என்று ஆபீஸில் சொல்லிக்கொண்டு திரிந்தவை. நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். இனிமேல் இவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், தொடாதே என்றால் தொடமாட்டேன், மண்டையில் ஆணியடித்த மாதிரி அதைப் பதிய வைத்துக்கொண்டேன். இப்போதுதான் எனக்கு இவளைப் பற்றி முழுசாகத் தெரிந்துவிட்டது. இனி என்னை அசைக்க முடியாது.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"சின்ன ரூம்ல சுவரெல்லாம் உதிர்ந்து கிடக்குங்க. அப்பா வர்றதுக்குள்ள வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருக்கேன்."

"ஆள் எதுக்கு? நான் இல்லையா?"

"வேணாங்க. மேல் மூலையெல்லாம் உங்களுக்கு எட்டாது."

"யாருக்கு எட்டாது? ஏணியைக் கொண்டா" என்றேன்.

ஏணியில் ஏறி, பிரஷ்ஷைச் சுண்ணாம்பில் முக்கி, மேல் மூலையில் முதல் இழுப்பு இழுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.